பாஸ்புக்கில் விடுபட்ட நாட்கள்

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களின் புகாரை எழுதி வாங்கி, அவர்களுடன் நீதிமன்றம் வரை செல்வது என் பணி. திருநெல்வேலி மாவட்டத்தின் முக்கூடல், வீரவநல்லூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். அவர்கள் முதலில் கேட்பது கணவனுக்குத் தண்டனை அன்று. "யக்கா, கேஸ் போட்டா வீட்டை விட்டு எறக்கிருவாவளே, பிள்ளைகளோட எங்க போவேன்?" என்பதுதான்.

2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அதன் 17ஆம் பிரிவு மனைவிக்கு அளிக்கிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அதைக் காரணம் காட்டி இந்த உரிமையை மறுத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. இதை முதல் சந்திப்பிலேயே பொறுமையாக விளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த அச்சம் தீராத பெண் மறுமுறை வருவதேயில்லை.

அடுத்த கடினம், நடந்த வன்முறையை நீதிமன்றத்துக்காகப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கையில் தேதிகளை எழுதுவது. "கணக்கு வச்சிட்டா அடி வாங்குதோம்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மருத்துவமனைச் சீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தது. உடன் வந்த கணவன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். பேச்சினூடே, விரல் வீங்கிய வாரம் இலை வெட்டக் கத்தரியைப் பிடிக்க முடியாமல் கடைக்குப் பீடி கொடுக்கவில்லை என்றார். அவருடைய பீடிக்கடைப் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொன்னேன். எண்ணெய் படிந்த அந்தப் பக்கங்களில் நாள்தோறும் வாங்கிய இலை, தூள், கொடுத்த பீடி எல்லாம் வரிசையாக இருக்க, அந்த வாரம் மட்டும் பதிவே இல்லை. மருத்துவமனைச் சீட்டின் தேதிக்கு மறுநாள் தொடங்கியது அந்த இடைவெளி. அடித்ததை அது தனியாக நிரூபிக்காது என்றாலும், அவர் சொன்னதற்குப் பக்கபலமாக அறிக்கையுடன் இணைத்தோம். அதன்பிறகு பீடித் தொழிலாளர் எவர் வந்தாலும் பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.

காவல் நிலையத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் எழுதி வாங்கி அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் தாளை மீறினால் அதற்கென்று தண்டனை கிடையாது. நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) பிறப்பிக்கும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம் என்பதும், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாதவை.

மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எதிர்த்தரப்பு வாய்தா வாங்கிக்கொண்டே போனால் அது மாதக்கணக்கில் நீளும். பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்கு வந்து போகும் ஒவ்வொரு நாளும் பீடிக் கூலி போய், பேருந்துச் செலவும் சேரும். ஆகவே 23ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேட்கும் மனுவையும் முதல் நாளே சேர்த்துக் கொடுக்கும்படி வழக்கறிஞர்களிடம் வற்புறுத்துகிறேன். வழக்கு முடியும்வரை அந்த வீட்டில் இருக்கவும், பிள்ளைகளின் செலவுக்குப் பணம் பெறவும் அவர்களுக்கு அதுவே வழி.