நாற்பது வயதில் எழுதிய கணக்கியல் தேர்வு

பதினைந்து ஆண்டுகள் சொந்தத் தொழில் நடத்திய பிறகு, நாற்பது வயதில் கணக்கியல் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினேன். வரவு செலவு எனக்குத் தெரியாததா என்ற மிதப்பில் முதல் முறை எழுதித் தோற்றேன். பாடநூலை மூன்று முறை வாசித்திருந்தும், வினாத்தாளைக் கண்டபோது வரையறைகளின் முதல் வரியைத் தாண்டி எதுவும் நினைவுக்கு வரவில்லை.

நேரம் போதவில்லை என்றுதான் முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பிழை, நான் படித்த முறையில் இருந்தது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது அது கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகியதையெல்லாம் கற்றுவிட்டதாக மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அதை அறிந்தபின் காலையில் அரை மணி நேரம் மட்டும் படித்து, இரவில் வெற்றுத்தாளில் அதை எழுதிப் பார்த்து, விட்டுப்போனவற்றை மறுநாளும், பிறகு சில நாள் இடைவெளியிலும் மீண்டும் எழுதினேன்.

இன்னொன்றையும் செய்தேன், தொழில் செய்துகொண்டே படிப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். பாடநூலின் ஒவ்வொரு சூத்திரத்தையும் என் சொந்தக் கணக்குப் பேரேட்டில் போட்டுப் பார்த்தேன். ஒரு பொருளின் விலை 100, விற்கும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் மாறும் செலவு 60, விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் மாத நிலைச் செலவு 20,000 என்றால், ஒவ்வொன்றிலும் 40 மிஞ்சுவதால் 500 விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. விலையில் பத்து விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் மிஞ்சுவது 30. அதே இடத்தை எட்ட 667 விற்க வேண்டும். பத்து விழுக்காடு விட்டுக்கொடுத்தால் விற்பனையை மூன்றில் ஒரு பங்கு கூட்டியாக வேண்டும் என்பதே தெரியாமல், பல ஆண்டுகள் கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகத் தள்ளுபடி கொடுத்திருக்கிறேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றாடத் தொழிலில் சுழலும் பணத்தைப் பற்றிய நடைமுறை மூலதனப் பாடமும் அப்படித்தான். சரக்கு 60 நாள் இருப்பில் கிடந்து, விற்ற பணம் 45 நாள் கழித்து வந்து, வாங்கிய சரக்குக்கு 30 நாளில் பணம் கொடுத்தால், இடையில் 75 நாளுக்குக் கைப்பணம் முடங்கும். ஏட்டில் இலாபம் இருந்தும் கையில் காசில்லாத மாதங்களுக்கு வாடிக்கையாளர்களைத்தான் அதுவரை நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேரேட்டில் போட்டுப் பார்க்க முடியாத பாடங்களும் இருந்தன. அவற்றை மனப்பாடம் செய்துதான் கடந்தேன், இன்று பெரும்பகுதி மறந்தும் போயிற்று.

இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றேன். மதிப்பெண் பெருமைப்படும்படி இல்லை. ஆனால் தள்ளுபடி கேட்டு யார் வந்தாலும், பதில் சொல்வதற்கு முன் தாளை எடுத்துக் கணக்குப் போடும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது மாலைகளில் ஒப்பந்தச் சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன், பழைய ஒப்பந்தங்களைக் கட்டாகப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு.