ஹென்றி லாங் ரேஞ்சர்: லீவர் துப்பாக்கி எட்டிய தூரம்

ஹென்றி ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2016-இல் லாங் ரேஞ்சர் என்ற லீவர் வகை வேட்டைத் துப்பாக்கியை வெளியிட்டபோது, அந்நாட்டு வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருந்த ஒரு நம்பிக்கைக்கு அது நேரடியாகச் சவால் விட்டது. அடர்ந்த காட்டுக்குள் நூறு, நூற்றைம்பது கஜத்தில் நிற்கும் மானுக்கு, விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டாவை ஏற்றும் லீவர் துப்பாக்கி போதும், திறந்த வெளியில் தொலைவில் நிற்கும் விலங்குக்கு, பக்கவாட்டுக் கைப்பிடியைப் பின்னிழுத்து முன்தள்ளி ஏற்றும் போல்ட் துப்பாக்கிதான் வேண்டும் என்பதே அந்த நம்பிக்கை. பெரும்பாலான பழைய லீவர் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் அந்தக் குறைக்கு லீவரைப் பொறுப்பாக்குவது சரியில்லை என்று நான் உறுதியாகக் கருதுவதால், உண்மையான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் காரணம் தோட்டாக்கள் வைக்கப்படும் இடம். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 துப்பாக்கியில், குழலுக்குக் கீழே அதற்கு இணையாக ஓடும் மற்றொரு மெல்லிய குழாயே மேகசின். அதற்குள் தோட்டாக்கள் வரிசையாக நிற்பதால், ஒரு தோட்டாவின் குண்டு முனை தனக்கு முன்னால் உள்ள தோட்டாவின் அடியிலிருக்கும் பிரைமரை, அதாவது அடிபட்டால் தீப்பற்றும் சிறு மூடியை, தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டை அதில் நிரப்பினால், சுடும்போது எழும் பின்னுதைப்பின் அதிர்ச்சியில் அந்த முனையே பிரைமரைக் குத்தி, மேகசினுக்குள்ளேயே தோட்டாவை வெடிக்கச் செய்துவிடக்கூடும். ஆகவே முனை தட்டையாகவோ மழுங்கலாகவோ இருந்தாக வேண்டும். அத்தகைய குண்டு காற்றில் விரைவாக வேகம் இழக்கும். இந்தத் துப்பாக்கியோடு புகழ்பெற்ற தர்ட்டி-தர்ட்டி தோட்டாவின் 150 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 2390 அடி வேகத்தில் புறப்பட்டு, 100 கஜத்திலேயே 2000 அடியளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே எடையுள்ள கூர்முனைக் குண்டு 308 வின்செஸ்டர் தோட்டாவிலிருந்து சுமார் 2820 அடி வேகத்தில் புறப்பட்டு, 300 கஜத்தைக் கடக்கும்போதும் ஏறக்குறைய அந்த 2000 அடி வேகத்தைத் தக்கவைத்திருக்கிறது. ஹார்னடி நிறுவனம் 2005-இல் கொண்டுவந்த, கூர்மையாக இருந்தும் மென்மையான முனை கொண்ட குண்டுகள் குழாய் மேகசினிலும் பாதுகாப்பாகப் பயன்படுவதால் இந்த இடைவெளியை ஓரளவு குறைத்தன. முழுவதும் நிரப்பவில்லை.

இரண்டாவது காரணம் அழுத்தம். தர்ட்டி-தர்ட்டி தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு என்று அமெரிக்கத் தொழில்தரம் வரையறுக்கிறது. 308-க்கு அது 62,000 பவுண்டு. வின்செஸ்டர் 1894-இல், தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் போல்ட்டின் பின்புறத்தில் எழுந்து நிற்கும் ஓர் எஃகுக் கட்டையே பூட்டு என்பதால், வெடிப்பின் விசை முழுவதும் போல்ட்டின் நீளத்தைக் கடந்து பின்னால் சென்றுதான் தாங்கப்படுகிறது. அழுத்தம் கூடும்போது அந்த நீளம் நுண்ணிய அளவில் அமுங்கும், தோட்டாக்கூடு நீளும். லாங் ரேஞ்சரில் இது அடிப்படையிலேயே மாற்றப்பட்டிருக்கிறது. லீவரை இறக்கி ஏற்றும்போது பற்சக்கரங்கள் போல்ட்டைப் பின்னும் முன்னும் நகர்த்துகின்றன. இறுதியில் ஆறு பற்கள் கொண்ட போல்ட் தலை சுழன்று, தோட்டாவுக்கு மிக அருகிலேயே முன்புறமாகப் பூட்டிக்கொள்கிறது. தோட்டாக்கள் கழற்றி மாட்டக்கூடிய பெட்டி மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் கூர்முனைக் குண்டுகளுக்குத் தடையில்லை. குழலில் மேகசின் குழாயும் வளையங்களும் தொங்காததால், குழல் எதையும் தொடாமல் தனித்து நிற்கிறது. சூடேறும்போது குறி விலகுவதும் அதனால் குறைகிறது.

இவற்றையெல்லாம் முதன்முதலில் சிந்தித்தது ஹென்றி நிறுவனம் என்று சொன்னால் அது முன்னோடிகளுக்குச் செய்யும் அநீதி. பிரௌனிங்கே தமது வின்செஸ்டர் 1895-இல் பெட்டி மேகசினைப் பயன்படுத்தினார். ஆர்தர் சாவேஜின் மாடல் 99, சுழலும் மேகசினில் ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனியாகத் தாங்கியது. எத்தனை தோட்டாக்கள் மீதமுள்ளன என்பதை, போல்ட்டைத் தாங்கும் உடற்பகுதியான ரிசீவரின் பக்கவாட்டில் இருந்த ஒரு சிறு துளை வழியே காட்டவும் செய்தது. சார்லஸ் நியூட்டன் வடிவமைத்த 250-3000 தோட்டா 1915-இல் இந்தத் துப்பாக்கிக்காகவே வந்து, 87 கிரெய்ன் குண்டை வினாடிக்கு 3000 அடி வேகத்தில் செலுத்தியது. பின்புறப் பூட்டுதான் என்றாலும், ரிசீவரின் திடத்தால் மாடல் 99 பிற்காலத்தில் 308-ஐயும் தாங்கியது. லீவர் துப்பாக்கிகளுள் மிக நேர்த்தியான சிந்தனை அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. 1955-இல் வந்த வின்செஸ்டர் 88-உம், அதன்பின் வந்த பிரௌனிங் பிஎல்ஆரும் சுழலும் போல்ட்டையும் கழற்றும் மேகசினையும் கொண்டிருந்தன. லாங் ரேஞ்சர் அந்த மரபின் தொடர்ச்சியே.

நான் இடக்கைப் பழக்கமுள்ளவன். பெரும்பாலான போல்ட் துப்பாக்கிகளில் கைப்பிடி வலப்புறம் இருப்பதால், ஒவ்வொரு முறையும் விசையிலிருந்து கையை எடுத்துத் துப்பாக்கியின் மறுபுறம் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். கண் குறியிலிருந்து விலகும். லீவருக்கு இடம், வலம் என்ற வேறுபாடு இல்லை. இந்த ஒரு நன்மைக்காகவே இவ்வகைத் துப்பாக்கி தொலைதூரத் தோட்டாக்களைச் சுடுவதை நான் மனமார வரவேற்கிறேன். சுமார் ஏழு பவுண்டு எடையும், 308-க்கு 20 அங்குலக் குழலும் கொண்ட இது நாள் முழுவதும் சுமந்து நடப்பதற்கும் ஏற்றது.

குறைகளும் உண்டு. தரையில் படுத்துச் சுடும்போது லீவர் கீழே விரிய இடம் வேண்டும் என்பதால், அடுத்த தோட்டாவை ஏற்ற ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை உயர்த்தவோ சாய்க்கவோ நேரிடும். தொலைதூரத்தில் மிக உறுதியான நிலை படுத்துச் சுடும் நிலையே என்பதால் இதைச் சிறு குறை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. உட்கார்ந்தோ, மரத்தில் சாய்ந்தோ, முக்காலியில் தாங்கியோ சுடுபவருக்கு இந்தச் சிக்கல் எழாது.

பெயரில் உள்ள தூரத்தை எவ்வளவு என்று எடுத்துக்கொள்வது என்பதிலும் எனக்குத் தெளிவான நிலைப்பாடு உண்டு. 200 கஜத்துக்குக் குறி சரிசெய்த 308-இன் 150 கிரெய்ன் குண்டு, 300 கஜத்தில் சுமார் 9 அங்குலமும், 400 கஜத்தில் இரண்டடிக்கு மேலும் தாழ்கிறது. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கும் பகுதி ஏறத்தாழ எட்டு முதல் பத்து அங்குல அகலமே உடையது. பக்கக் காற்றும் சேர்ந்தால் 400 கஜத்தில் அந்த வட்டத்துக்குள் குண்டைச் செலுத்துவது, தூரத்தை அளந்து பலகாலம் பயிற்சி செய்தவருக்கு மட்டுமே இயலும். விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடாமல் வீழ்த்த வேண்டும் என்ற பொறுப்புள்ளவருக்கு, இந்தத் துப்பாக்கி நேர்மையாகத் தரும் எல்லை 300 கஜம் என்றே வைப்பேன். தர்ட்டி-தர்ட்டியோடு ஒப்பிட்டால் அதுவே ஏறக்குறைய இரட்டிப்பு.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தவரை, அமெரிக்க மேற்கு மாநிலங்களின் திறந்த புல்வெளியில் வேட்டையாடுபவருக்கு 6.5 க்ரீட்மோர் பொருந்தும். அதன் நீண்டு மெலிந்த குண்டு காற்றை நன்றாக வெட்டிச் செல்கிறது, பின்னுதைப்பும் குறைவு, அதற்கான லாங் ரேஞ்சரின் குழலும் 22 அங்குலம். காடும் வயலும் கலந்த நிலத்தில் நடந்து தேடுபவர் 308-ஐ எடுத்துக்கொள்ளலாம். சிற்றூர்க் கடைகளிலும் அதற்கான தோட்டாக்கள் எளிதில் கிடைக்கும்.