டிரம் கோர் கோடை: ஓர் அம்மாவின் நாட்குறிப்பு

2023 டிசம்பர் 10, பிளேனோ, டெக்சஸ்

மகளுக்கு டிரம் கோரில் இடம் கிடைத்துவிட்டது. மெலோஃபோன் வரிசை, எக்காளம் மாதிரி ஊதுகிற ஒரு பித்தளைக் கருவி அது. பள்ளியில் முதலில் கிளாரினெட் வாசித்தவள். டிரம் கோரில் பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள், கொடிக்குழு இவ்வளவுதான் உண்டு, கிளாரினெட்டுக்கு இடமில்லை என்று தெரிந்ததும் பத்தாம் வகுப்பில் மெலோஃபோனுக்கு மாறினாள். அவ்வளவு ஆசை.

திருச்சிக்கு போன் போட்டு அண்ணனிடம் சொன்னேன். "சம்பளம் எவ்வளவும்மா?" என்று கேட்டார். "சம்பளம் இல்லண்ணா, நாமதான் கட்டணும்" என்றேன். கொஞ்ச நேரம் அவரிடமிருந்து பேச்சே வரவில்லை.

அவருக்கு விளக்கியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். டிரம் கோர் என்பது கோடை முழுக்க ஊர் ஊராகப் போய் கால்பந்து மைதானங்களில் வாசித்துக்கொண்டே அணிவகுத்துப் போட்டியிடும் இளைஞர் குழு. வயது வரம்பு 21. 1971இல் தொடங்கிய டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ, 1972 முதல் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. அந்தக் காலத்தில் தேவாலயமோ, முன்னாள் படைவீரர் சங்கமோ தங்கள் பேட்டைப் பிள்ளைகளுக்காக ஒரு கோர் வைத்திருந்தது. நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருந்தன. பிள்ளைகள் கட்டியது சொற்பம். இப்போது எஞ்சியிருப்பவை சில டஜன். ஒவ்வொன்றும் லாப நோக்கமற்ற நிறுவனம், ஒவ்வொன்றும் தன் காசுக்குத் தானே அலைகிறது.

ஒப்பந்தம் வந்திருக்கிறது. 5,200 டாலர், ஐந்து தவணை, எல்லாம் மே மாதப் பயிற்சிக்கு முன்னால். மாதாந்திர முகாம்களுக்கு விமானச் செலவு தனி. ஷூ, கையுறை, உடைக் கட்டணம் தனி. நாலாவது பக்கத்தில் ஒரு வரி: கட்டிய தொகை எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது.

கோரே இழுத்து மூடப்பட்டால்? அதுவும் அந்த 'எந்தக் காரண'த்தில் சேர்த்தியா? கேட்டு எழுதியிருக்கிறேன்.

2024 ஜனவரி 21

பதில் வந்தது: "அப்படி ஒரு நிலை வராது." இது பதிலே இல்லை.

என் தொழில் கணக்கு. கோரின் வரிப் படிவம் 990ஐ எடுத்துப் பார்த்தேன். லாப நோக்கமற்ற நிறுவனங்களின் இந்தப் படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. ஆனால் கிடைத்தது முந்தைய கோடைக்கும் முந்தையது. டிசம்பரில் கையெழுத்துப் போடுகிற பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அதை வைத்து இன்றைய கையிருப்பு எப்படித் தெரியும்?

செலவுப் பக்கம் ஒன்றும் ஊதாரித்தனம் இல்லை. வாசிப்பவர்கள் 150க்கு மேல், பயிற்சியாளர்களும் தொண்டர்களும் சேர்த்தால் 200ஐத் தாண்டும். அத்தனை பேருக்கும் நாளைக்கு நாலு வேளைச் சாப்பாடு. சொகுசுப் பேருந்துகள், கருவி ஏற்றும் பெரிய லாரிகள், டீசல், தங்கும் பள்ளிக்கூடங்களுக்கு வாடகை, காப்பீடு. பெரிய கோருக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் கட்டுவது அதில் ஒரு பங்குதான். மீதி நன்கொடை, நிகழ்ச்சி வருமானம், டி-ஷர்ட் விற்பனை, பருவம் முடிந்ததும் கருவிகளைப் பள்ளிகளுக்கு விற்கிற பணம். கலிபோர்னியாவின் சில கோர்களுக்கு பிங்கோ ஆட்டம் பெரிய வருமானம்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஒலிபெருக்கியை 2004இல் அனுமதித்தார்கள். மின்னணுக் கருவிகளை 2009இல். பிறகு மைதானம் முழுக்க மேடைகளும் அலங்காரச் சட்டகங்களும் வந்தன. ஒரே சீருடையை ஆண்டுக்கணக்கில் போட்ட காலம் போய், வருஷா வருஷம் புது உடை. அழகாகத்தான் இருக்கிறது. அவற்றை ஏற்ற இன்னொரு லாரி வேண்டும், அந்த லாரிக்கு டீசல் போடுவது பிள்ளைகளின் தவணைப் பணம்.

பணம் இல்லாமல் போனால் பெரிய பெயரும் நிற்காது. டொலீடோவின் கிளாஸ்மென் 2013இல் நின்றுபோனது. சாண்டா கிளாரா வான்கார்ட் 2018இல் சாம்பியன். 2022 நவம்பரில், நிதி நிலை சரியில்லை, அடுத்த கோடைக்கு வரமாட்டோம் என்று அறிவித்துவிட்டது. இந்த ஆண்டு திரும்புகிறார்கள். ஆனால் 2023இல் கடைசி வாய்ப்பை எட்டியிருந்த பிள்ளைக்கு 2024 எதற்கு உதவும்? 2020இல் தொற்றுக்காகப் பருவமே ரத்தானபோதும் இதேதான். வயது காத்திருக்காது.

2024 பிப்ரவரி 18

முகாமிலிருந்து வந்த மகள் வழியெல்லாம் தன் தோழியைப் பற்றியே பேசினாள். ரியோ கிராண்டே பள்ளத்தாக்குப் பெண், எக்காளம் வாசிப்பவள். பகலில் கல்லூரி, அங்கிருந்து வந்து பர்கர் கடையில் இரவு வேலை. மூன்றாவது தவணை பாக்கி. பாக்கி வைத்திருப்பவர்களை சனிக்கிழமை மதியம் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். எல்லார் எதிரிலும் பெயர் வாசித்து.

"அவதாம்மா எங்க எல்லாரையும் விட நல்லா வாசிப்பா" என்றாள்.

கோடையில் வேலை பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு அடுத்த பருவக் கல்லூரிச் செலவு வந்துவிடும். கோருக்குப் போனால் அந்தச் சம்பளமும் போச்சு, 5,200உம் போச்சு. கட்டணத் தாளில் இந்த இரண்டாவது நஷ்டம் எங்கேயும் எழுதியிருக்காது.

2024 ஏப்ரல் 27

கேடட்ஸ் கோர் மூடப்பட்டது. இந்த மாதம் அறிவித்தார்கள். எழுத இன்றுதான் மனம் வந்தது.

1934இல் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டில் ஒரு தேவாலயக் குழுவாகத் தொடங்கியது. டிசிஐ பட்டத்தை வென்ற முதல் கிழக்குக் கரைக் கோர், 1983இல். அதைத் தொடர்ந்து 84, 85. மொத்தம் பத்துப் பட்டம். தொண்ணூறாம் ஆண்டு இது. 1980களில் நடந்ததாகச் சொல்லப்படும் பாலியல் கொடுமை தொடர்பான வழக்கு ஒரு பக்கம், அந்தச் செலவைத் தாங்க முடியாத நிதி நிலை மறு பக்கம்.

வழக்குப் போட்டவர் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. பிள்ளையாக இருந்தபோது பட்டதற்கு நாற்பது ஆண்டு கழித்தாவது நியாயம் கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. கேட்கவிடாமல் செய்த காலம்தான் கொடுமை. என் வருத்தம் வேறு. அன்று பிறந்திராத பிள்ளைகள் இந்தக் குளிர்காலம் முழுக்க முகாம் முகாமாகப் போய் இசைக் குறிப்பை மனப்பாடம் செய்தார்கள். பயிற்சிக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் எங்கே போவது என்று நிற்கிறார்கள்.

மகளின் பள்ளித் தோழன் ஒருவன் அதில் இருந்தான். இரவு பதினொரு மணிக்கு இவளோடு பேசிக்கொண்டிருந்தான். கதவு திறந்திருந்ததால் காதில் விழுந்தது. பணத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "இனிமே நான் யாரு?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டான். மற்ற கோர்கள் இடம் இருந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று முன்வந்திருக்கின்றன. அது பெரிய மனசு. ஆனால் டிரம் வரிசையெல்லாம் இந்நேரம் நிரம்பியிருக்கும். ஊதுபவருக்கு ஓர் ஓட்டை கிடைக்கலாம், ஸ்நேர் டிரம் அடிப்பவனுக்கு?

இவள் என்னிடம் வந்து, "நம்ம கோருக்கும் இப்படி ஆகுமாம்மா?" என்று கேட்டாள். தெரியாது கண்ணு, கணக்குக் காட்டமாட்டேன் என்கிறார்கள் என்றேன். இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன். இந்தத் தடவை பெற்றோர் பதினோரு பேர் சேர்ந்து கையெழுத்திட்டோம்.

2024 மே 18

கொண்டுபோய் விட்டாச்சு. காற்று மெத்தை, பெரிய தண்ணீர்க் குடுவை, சன்ஸ்கிரீன் டப்பாக்கள். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் அவளுக்கு ஒரு மெத்தையளவு இடம். எக்காளக்காரத் தோழியின் பெயர் பட்டியலில் இல்லை.

2024 ஜூலை 20, சான் அன்டோனியோ

ஒரு வாரம் விடுப்பு எடுத்துச் சமையல் லாரியில் தொண்டு செய்கிறேன். நீண்ட டிரெய்லர், உள்ளே அடுப்பு, குளிர்பெட்டி, பக்கவாட்டில் திறக்கிற பலகை. காலை ஐந்தரைக்கு முட்டை. மதியம் சாண்ட்விச். மாலை பாஸ்தா. நிகழ்ச்சி முடிந்து பேருந்து கிளம்புவதற்கு முன்னால், இரவு பதினொன்றுக்கு மேல், நாலாவது வேளை.

சமையல் பொறுப்பில் இருக்கும் அம்மாள் இந்த வேலையில் பழுத்தவர். முதல் நாளே கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, "இறைச்சி இதால ஒண்ணு, அதுக்கு மேல வேண்டாம். ரொட்டி எவ்வளவு வேணா எடுத்துக்கட்டும்" என்றார். போன வருஷம் தினமும் பழம் இருந்ததாம். இந்த வருஷம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை.

நேற்று மாலை வரிசையில் ஒரு பையன். கான்ட்ரா வாசிப்பவன், தோளில் சுமக்கிற டியூபா அது, முப்பது பவுண்டு பக்கம். இடது தோளில் சட்டைக்கு மேலேயே அழுத்திய தடம். கழுத்துவரை கறுத்து, கையுறை போடும் இடம் மட்டும் வெளுத்து. தட்டை நீட்டி, "இன்னொரு கரண்டி கிடைக்குமா மேடம்?" என்றான். எல்லாரும் வாங்கி முடியட்டும்ப்பா, மிச்சம் இருந்தால் தருகிறேன் என்று சொல்லவேண்டி வந்தது. சரி மேடம் என்று சிரித்துவிட்டுப் போனான். காலை எட்டிலிருந்து வெயிலில் நின்ற பிள்ளை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடைசியில் மிச்சம் இருந்தது, அவனைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

யாரையும் பட்டினி போடவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஆனால் நிதி நெருக்கடி என்றால் எனக்கு இனி வங்கி அறிக்கை கண்முன் வராது. இந்தக் கரண்டிதான்.

இன்று இரவு அலமோடோம் அரங்கில் போட்டி. கூரைக்கு அடியில் அந்தப் பித்தளை ஒலி மோதித் திரும்பியபோது உடம்பு சிலிர்த்தது. பணத்துக்காக அழுவதெல்லாம் இதைக் காப்பாற்றத்தான்.

2024 ஆகஸ்ட் 11, இண்டியானாபொலிஸ்

லூகாஸ் ஆயில் அரங்கில் நேற்று இறுதிப்போட்டி. ஒஹாயோவின் புளூகோட்ஸ் பட்டம் வென்றது. ஓராண்டு ஒதுங்கியிருந்த வான்கார்ட் இறுதிப் பன்னிரண்டுக்குள் வந்துவிட்டது. அவர்கள் மைதானத்தில் இறங்கியபோது கூட்டம் எழுந்து நின்றது. எங்கள் கோர் அரையிறுதியோடு சரி. மகள் ஒன்பது பவுண்டு இளைத்திருக்கிறாள், முழங்காலில் கட்டு, முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கேடட்ஸ் பையன் வேறொரு கோரில் இடம் பிடித்து வாசித்தான். ஸ்நேர் இல்லை, முன்வரிசையில் சிம்பல். போதும்மா, மைதானத்துல இருந்தேனே, என்று அவனே சொன்னதாக மகள் சொன்னாள்.

2024 செப்டம்பர் 22

நிர்வாகக் குழு இணையவழிக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டது. இதுவே முதல் தடவை. பாராட்டுகிறேன், சம்பளம் இல்லாமல் உழைக்கிறவர்கள்தான் அவர்களும்.

நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. பயிற்சி தொடங்கும்வரை பிள்ளைகள் கட்டும் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும், பழைய கடனுக்குப் போகவேண்டாம். அதற்கு முன் கோர் நின்றால் முகாம் செலவு போக மீதி திரும்பவேண்டும். ஒப்பந்தத்தோடு இந்த ஆண்டுக் கையிருப்பும் கடனும் ஒரே தாளில் வரவேண்டும். பாக்கி வைத்த பிள்ளையின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்கக்கூடாது. புது அலங்காரச் சட்டகங்களும் மேடைகளும் வாங்குவதற்கு முன்னால் கட்டண உதவி நிதிக்கு ஒரு தொகை ஒதுக்கவேண்டும்.

பெயர் வாசிப்பதை உடனே நிறுத்துகிறோம் என்றார்கள். தனிக் கணக்கு முடியாதாம். லாரிக்கும் பள்ளி வாடகைக்கும் முன்பணம் குளிர்காலத்திலேயே போய்விடுகிறது என்றார் பொருளாளர். கணக்குப் பார்க்கிறவளாக அது எனக்குப் புரிகிறது. அப்படியானால் அந்த முன்பணத்துக்குக் கையிருப்பு சேர்க்கும் பொறுப்பு பெரியவர்களுடையது, பத்தொன்பது வயதுக்காரர்களுடையது இல்லை என்று சொன்னேன். யோசிக்கிறோம் என்றார். ஒரு பக்கக் கணக்குத் தாள் அக்டோபர் கடைசிக்குள் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

எக்காளக்காரத் தோழி மறுபடி ஆடிஷனுக்கு வருகிறாளாம். அவளுக்காகப் பெற்றோர் சிலர் சேர்ந்து முதல் இரண்டு தவணையைப் போடுகிறோம். மகள் நவம்பர் முகாமுக்கு டிக்கெட் போடச் சொல்லி நச்சரிக்கிறாள். அந்தத் தாள் கைக்கு வரட்டும், படித்துவிட்டு அன்றைக்கே போடுகிறேன் என்றிருக்கிறேன்.