சாக்ஸ், சில்லறை, பிரியாணி: சாட்ஸ்வொர்த் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் பள்ளி மூலம் ஹாஸ்பிஸுக்கு (தீரா நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்பு) நிதி திரட்ட வேண்டும். தேதி பிடிப்பதுதான் பாதி வேலை. சம்பளம் 25-க்கு மேல்தான் வரும். அரசு தரும் பிள்ளை மானியம் மாதத்தின் முதல் வாரம். நடுவில் 12-லிருந்து 24 வரை யாரிடம் கேட்டாலும் கைவிரிப்புதான். ஆகவே 29, வெள்ளி.

ஆனால் அதற்கடுத்த வெள்ளியே கேஷுவல் டே, மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்டிக்கர் விற்பனை. அடுத்தடுத்து இரண்டு வெள்ளி கை நீட்டினால் மூன்றாவது முறை நோட்டீஸைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஸ்டிக்கரை ஆசிரியர் அறைக்குள் மட்டும் விற்பது என்று முடிவு. பிள்ளைகளிடம் இந்த டேர்மில் ஒருமுறைதான் கேட்பது. பெரியவர்களிடம் தனியாக, பிரியாணி டிக்கெட்.

ஆகஸ்ட் 6, புதன்

நிர்வாகக் குழுக் கூட்டம். "பள்ளிக் கணக்கில் போட்டுவிடலாம், வருஷக் கடைசியில் ஹாஸ்பிஸுக்கு ஒரு தொகை கொடுக்கலாம்" என்றார் ஒரு அங்கிள். கொடுக்க முடியாது. 1996-ம் ஆண்டுப் பள்ளிகள் சட்டம், 37-ம் பிரிவு: பள்ளி நிதி என்று சேர்ந்துவிட்ட பணம் கல்விக்கும் குழுவின் கடமைகளுக்கும் மட்டுமே. ஹாஸ்பிஸ் இரண்டிலும் சேராது.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. ஒரு நிபந்தனையோடு பள்ளியை நம்பிக் கொடுத்த பணத்தை அந்த நிபந்தனைப்படிதான் செலவழிக்க வேண்டும். வழி அங்கேதான். காசு வருவதற்கு முன்பே "இது இன்னாருக்கு" என்று மினிட்ஸில் ஏற வேண்டும், நோட்டீஸிலும் அதே வாசகம் வர வேண்டும், கணக்குப் புத்தகத்தில் தனித் தலைப்பு வேண்டும். காசு வந்தபின் எழுதும் தீர்மானம் ஆடிட்டர் முன் நிற்காது.

இன்னொன்று. "வசூல் முழுவதும் ஹாஸ்பிஸுக்கே" என்று அச்சடித்துவிட்டால் அரிசிக் காசை அதிலிருந்து கழிக்க முடியாது. பிரியாணி டிக்கெட்டில் "செலவு போக மீதி" என்று இருக்கட்டும். பிள்ளைகள் டப்பாவில் போடும் 5 ரேண்டுக்குச் (ரேண்ட் இங்கத்திய பணம்) செலவே இல்லை, அங்கே "முழுவதும்" என்று தாராளமாகப் போடலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காசு கொடுத்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வேண்டாம் என்று சொன்னதற்குப் பொருளாளர் முகம் போன போக்கு!

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பட்டியல் விவகாரம் இன்னும் ஓயவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியும்.

வழக்கம் என்ன? வகுப்பாசிரியர் பெயர்ப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு, காசு கொண்டுவந்த பிள்ளையின் பெயருக்கு நேரே டிக் போடுவார். எட்டேகாலுக்குள் யார் வீட்டில் 5 ரேண்ட் இல்லை என்று வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். மூன்று பிள்ளை இருக்கும் வீட்டில் அது 15 ரேண்ட். பிள்ளை மானியமே 2025-ல் தலைக்கு மாதம் 560 ரேண்ட்தான். கொடுக்க முடியாத வீட்டில் அம்மா என்ன செய்வாள்? வெள்ளிக்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்ப மாட்டாள். சிவிஸ் டே (காசு கொடுத்துவிட்டுச் சீருடை இல்லாமல் வரும் நாள்) அன்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும்.

"எல்லாரும் கலர் டிரெஸ்ஸில் வரலாம், காசு இஷ்டம்" என்றாலும் பாதிதான் தீரும். அப்போது உடுப்புப் போட்டி தொடங்கும். யார் காலில் என்ன ஷூ, யார் சட்டை அண்ணனுடைய பழையது.

ஆகவே சீருடை அப்படியே இருக்கட்டும். சாக்ஸ் மட்டும் இடது ஒன்று, வலது ஒன்று. ஜோடி தொலைந்த சாக்ஸ் இல்லாத வீடு சாட்ஸ்வொர்த்தில் கிடையாது. காசு போட்டவனும் போடாதவனும் ஒரே மாதிரி நிற்பான். டப்பா வாசலில் இருக்கும், மூடி போட்டு, மேலே ஒரு கீறல். கை டப்பாமேல் போவதுபோல் தெரிந்தால் போதும், என்ன விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

பொருளாளர் கேள்வி: பட்டியல் இல்லாமல் எதை வைத்துச் சரிபார்ப்பது? கேள்வி நியாயம்தான். ஆனால் பட்டியல் எதைக் காட்டுகிறது? பிள்ளை கொடுத்ததைக் காட்டுகிறது. கொடுத்த காசு வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததைக் காட்டுவதில்லை. காசு தொலைவது எப்போதும் டப்பாவுக்கும் வங்கிக்கும் நடுவில். பூட்டும் இரண்டு கையெழுத்தும் அங்கேதான் வேண்டும்.

அதிகம் சேர்த்த வகுப்புக்குப் பீட்ஸா என்ற யோசனையும் வந்தது. வெட்டியாயிற்று. பட்டியல் பின்வாசல் வழியாக உள்ளே வரும், இந்த முறை யார் கொடுக்கவில்லை என்று டிக் போடுவது பிள்ளைகளே.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஷால்கிராஸ் கிரீச்சுக்கு (குழந்தைகள் காப்பகம்) தனித் திட்டம். பள்ளிக்கு எழுதியதை அங்கே அப்படியே ஒட்ட முடியாது.

மூன்று வயதுக்குக் கீழே நாணயமே கூடாது, கையில் கிடைத்தது வாய்க்குப் போகும். பிள்ளையின் பையில் காசு வைத்து அனுப்ப வேண்டாம் என்று நோட்டீஸின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். பெற்றவர்கள் கையிலிருந்து நேரே டப்பாவுக்கு. டப்பா மேசைமேல், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். நேரம் காலையில் வேண்டாம், அப்போது எல்லாருக்கும் ஓட்டம். மாலை நாலு முதல் ஐந்தரை, அழைத்துப்போக வரும்போதுதான் நின்று பேசுவார்கள்.

கொம்பி வேனில் வரும் பிள்ளைகளின் அம்மாக்களை வாசலில் பார்க்கவே முடியாது. அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தனிச் செய்தி. டிரைவர் அண்ணன் கையில் காசு கொடுத்துவிடும் வழக்கம் வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் ஒரு நாள் கணக்குக் குறைந்தால் பழி அவர் தலையில்.

டிரைசைக்கிள் சுற்று (பிள்ளைகள் ஓட்டுவார்கள், உறவினர்கள் காசு தருவதாக வாக்கு கொடுப்பார்கள்): 20 நிமிஷம், அதற்கு மேல் அழுகை. சுற்றுக்கு இவ்வளவு என்று வாக்கு வாங்குவதைவிட மொத்தமாக ஒரு தொகை முன்பே வாங்கிவிடுவது மேல். சுற்றை எண்ணி, பெருக்கி, பிறகு வீடு வீடாக வசூலிக்கப் போனால் வாக்கில் பாதி வராது. தாத்தாமாரும் ஆயாமாரும்தான் வாக்கு கொடுப்பார்கள், அவர்களைத் துரத்த முடியுமா!

பாட்டில் மூடியும் சேர்க்கலாமாம், சக்கர நாற்காலிக்கு. மூடிகளை வாங்கி நாற்காலி தரும் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஃபவுண்டேஷன் கணக்கில் ஒரு நாற்காலிக்கு 450 கிலோ. மூடி ஒன்று 2 கிராம் என்று வைத்தால் 2,25,000 மூடி. ஒரு கிரீச்சால் ஆகாது, நாலைந்து இடம் சேர வேண்டும். பால் மூடியைக் கழுவாமல் போட்டால் ஒரு வாரத்தில் நாற்றமும் கரப்பானும். வாய்க்குள் போகும் அளவு என்பதால் இதுவும் பெரியவர்கள் கையோடு நிற்க வேண்டிய வேலை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பிள்ளைகளைப் படம் எடுக்க பெற்றோர் எழுத்தில் ஒப்புதல். பாப்பியா என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு "சும்மா குரூப்பில்தானே போடுகிறோம்" என்பது செல்லாது.

ஆகஸ்ட் 20, புதன்

ஹேம்பர் ரேஃபிள், அதாவது பரிசுக் கூடைக் குலுக்கல். டிக்கெட் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து இரண்டு வாரம் விற்கச் சொல்லலாம் என்கிறார்கள். 1997-ம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தில் விழா, பஜார் போன்றவற்றில் நடக்கும் குலுக்கலுக்கு விலக்கு உண்டு. ஆனால் டிக்கெட் அந்த வளாகத்தில் அந்த நிகழ்ச்சி நேரத்தில்தான் விற்க வேண்டும், குலுக்கலும் அங்கேயே முடிய வேண்டும், பரிசு பணமாக இருக்கக் கூடாது. வெளியே விற்றால் வேறு விதி, பதிவு எல்லாம் வேண்டும். அதோடு பத்து வயதுப் பிள்ளை டிக்கெட் புத்தகத்தோடு ஊரான் வீட்டுக் கேட்டைத் தட்டுவதா? டிக்கெட் விற்பனை நிகழ்ச்சி அன்றைக்கு மட்டும், ஹாலுக்குள்.

காசைக் கொட்டியவர் பிள்ளைக்கே கிரீடம் என்னும் மிஸ்டர்-மிஸ் போட்டியையும் யாரோ கிளப்பினார்கள். அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

டப்பாக்கள் தயார். வகுப்புக்கு ஒன்று, மூடியைச் சுற்றி டேப், டேப்பின் மேல் இரண்டு கையெழுத்து. எண்ணும் தாளில் நோட்டுக்கும் 5, 2, 1 ரேண்டுக்கும் 50 சென்டுக்கும் தனித்தனிக் கட்டம். மொத்தம் மட்டும் எழுதும் தாளில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எண்ணியதைச் சரிபார்க்கச் சமையல் தராசு போதும். 5 ரேண்ட் நாணயம் 9.5 கிராம், நூறு போட்டால் 950 கிராம், 500 ரேண்ட். 2 ரேண்ட் 5.5 கிராம். சில்லறை வங்கிக்குப் போகும்போது கட்டணம் பிடிப்பார்கள், அந்தக் கட்டணம் எந்தத் தலைப்பில் என்று பொருளாளர் இன்றே எழுதி வைத்துவிட்டார். நல்ல மனுஷி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சாக்ஸ் அமோகம். கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தையது) பிள்ளை ஒன்று ஒரு காலில் அப்பாவின் சாக்ஸ், முழங்காலுக்கு மேல் ஏறி நிக்கருக்குள் போயிருந்தது.

எண்ணுவதில் ஒரே தகராறு: டக்ஷாப்பில் (பள்ளித் தின்பண்டக் கடை) சில்லறை தீர்ந்துவிட்டது என்று இடைவேளையில் ஒரு டப்பாவைத் திறந்து 200 ரேண்ட் நோட்டுக்குச் சில்லறை மாற்றியிருக்கிறார்கள். தொகை சரியாகவே இருந்தது. ஆனால் டேப் கிழிந்த டப்பா கிழிந்ததுதான், இனி அது சரி என்று யார் சொன்னாலும் சொல் மட்டும்தான். அடுத்த முறை டக்ஷாப்புக்கு முன்தினமே தனியாகச் சில்லறை வாங்கி வைக்க வேண்டும்.

பதினொன்றரைக்கு வங்கி. வெள்ளி மாலைவரை காசு பள்ளிக்குள் இருக்கக் கூடாது. வங்கிச் சீட்டு கைக்கு வரும்வரை தொகையை எந்த குரூப்பிலும் போடக் கூடாது. "இவ்வளவு சேர்ந்தது" என்று காலை பத்து மணிக்கே பெருமை அடிப்பது, பெட்டியில் இவ்வளவு இருக்கிறது, வாங்க என்று திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது.

ஆகஸ்ட் 30, சனி

கிரேடு 4-ல் ஒரு வகுப்பில் பட்டியல் ஓடியிருக்கிறது. பென்சிலில்.

செப்டம்பர் 3, புதன்

பிரியாணி எப்போது? புரட்டாசி 17-ல் பிறக்கிறது. அதற்கு முன்பு என்றால் கோழி, பிறகு என்றால் காய்கறி. முன்பு போட்டால் மாத நடுவில் வருகிறது, கையில் காசில்லாத நாட்கள். 20 புரட்டாசியின் முதல் சனி, விரதக்காரர்கள் வெளிச் சாப்பாடு தொட மாட்டார்கள். 21 மகாளய அமாவாசை. அதற்கடுத்த வாரம் நவராத்திரி. 19 வெள்ளிதான் மிஞ்சுகிறது, அதுவும் சம்பளத்துக்கு முன்புதான். டிக்கெட்டை இந்த வாரமே விற்றுவிட்டால் ஆகஸ்ட் சம்பளத்தில் கொஞ்சம் ஈரம் இருக்கும்.

காய்கறி பிரியாணியில் லாபம் குறையாது, கூடும். முஸ்லிம் வீடுகளும் வாங்குவார்கள், "யார் பாத்திரம், ஹலாலா?" என்று மட்டும் கேட்பார்கள். கேட்கும் முன்பே டிக்கெட்டின் பின்னால் அச்சடித்துவிடலாம். வெள்ளி ஜும்மா நேரத்தில் வந்து வாங்கச் சொல்லக் கூடாது. ஒன்றரையிலிருந்து.

செப்டம்பர் 9, செவ்வாய்

நூறு பெட்டிக்கு: பாஸ்மதி 10 கிலோ, முழு மசூர் 2, உருளை 8, கேரட்-பீன்ஸ்-பட்டாணி சேர்த்து 7, வெங்காயம் 4, எண்ணெய் 3 லிட்டர், மசாலாவுக்கும் மேலே ஊற்றவும் தயிர் 8 லிட்டர். பெட்டிக்கு 450 கிராம் வரும். 300 டிக்கெட் என்றால் மூன்று அண்டா. ஒரே அண்டாவில் 10 கிலோவுக்கு மேல் அரிசி போட்டால் அடி குழையும், மேல் விறைக்கும். காய்கறி பங்களாதேஷ் மார்க்கெட்டில். உருளை மட்டும் கிளேர்வுட்டில், மூட்டையாக.

சமையல் கோயில் ஹால் சமையலறையில். நகராட்சியின் உணவு வளாகச் சான்று அங்கே இருக்கிறது, பள்ளி ஹாலுக்கு இல்லை. ஆறு வீட்டில் பிரித்துச் சமைத்துக் கொண்டுவரும் யோசனை ருசிக்கும் ஆகாது, சட்டத்துக்கும் ஆகாது.

அரிசி நன்கொடை கொடுத்த மொத்தக்கடை 18ஏ ரசீது, அதாவது வருமான வரிச் சலுகைக்கான ரசீது, கேட்கிறது. ரசீது கொடுக்கும் அங்கீகாரம் ஹாஸ்பிஸுக்குத்தான், பள்ளிக்கு இல்லை. அரிசி அவர்கள் பெயருக்குப் போனால் ஒழிய அவர்களும் எழுத முடியாது. டிக்கெட் வாங்கினவர்களுக்கு எப்படியும் கிடையாது, காசுக்குப் பிரியாணி வாங்கியாயிற்றே.

செப்டம்பர் 15, திங்கள்

வங்கிக் கணக்கில் ஆன்லைனில் வந்த பணம். ரெஃபரன்ஸ்: கோவெண்டர். கோவெண்டர். நாயுடு. கோவெண்டர். பிரியாணி. மூட்லி. கோவெண்டர். "தேங்க்யூ". யார் எந்த கோவெண்டர் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். டிக்கெட் எண்ணைத்தான் ரெஃபரன்ஸாகப் போட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பட்டியல் வேண்டாம் என்பது பிள்ளைகளுக்குத்தான். டிக்கெட் வாங்கும் பெரியவர்களுக்கு எண் வேண்டும், பெயர் வேண்டும், போன் வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

மாமி சொன்னது: அண்டாவுக்கு அடியில் இரும்புத் தகடு, இல்லையேல் கேஸ் அடுப்பில் நடு மட்டும் தீயும். அரிசி முக்கால் வேக்காட்டில் வடி. உருளையைப் பொரித்தே போடு, பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு முதலில் கெடுவது அதுதான்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை ஏழுக்கு தம். பன்னிரண்டுக்கு முன் பெட்டியில் அடைக்கவில்லை. சீக்கிரம் அடைத்தால் மூடியில் ஆவி வேர்த்துச் சோற்றில் சொட்டும். வாங்கிப் போகும்வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. கூலர் பெட்டியில் கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிட்டு உள்ளே துண்டு விரித்து அடுக்கினால் தாங்குகிறது.

பரிமாறும் கைக்கு ஒரே அளவு மக். கரண்டியை விட்டால் முதல் நூறு பெட்டி தாராளம், கடைசி இருபதுக்கு வறுகல்தான். முதல் ஐந்தையும் பிறகு இருபதுக்கு ஒன்றையும் தராசில் வைத்தால் போதும்.

மூன்று மணிக்கும் வராத டிக்கெட்டுகள் பதினான்கு. கிரீச் பணியாளர்களுக்குப் போய்விட்டது. டிக்கெட்டில் "மூன்று மணிக்குமேல் உரிமை இல்லை" என்று இருந்ததால் யாரும் சண்டைக்கு வர முடியாது. வருவார்கள்.

செப்டம்பர் 20, சனி

வந்தார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

இரண்டு தலைப்பும் தனித்தனியே கூட்டியாயிற்று. சாக்ஸ் பணம் முழுசாக ஒரு மாற்றல், பிரியாணி செலவு போக இன்னொரு மாற்றல். ஒன்றாக அனுப்பினால் நோட்டீஸில் சொன்னதோடு ரசீதை ஒப்பிட முடியாது. கேஸ் சிலிண்டர் பில் இன்னும் வரவில்லை, அதற்காக 600 ரேண்ட் நிறுத்தி வைத்திருக்கிறது. யாரும் உரிமை கோராத ஒரு 120 ரேண்ட் ஆன்லைனில் நிற்கிறது, ரெஃபரன்ஸ் காலி.

செப்டம்பர் 23, செவ்வாய்

நாளை ஹெரிடேஜ் டே விடுமுறை. ஹாஸ்பிஸ் ரசீது வியாழனுக்கு முன் வராது. சிலிண்டர்காரர் போனை எடுக்கவில்லை.