கணுக்கால் முறிவு: நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்களா?

வேலைக்குப் போகும் வழியில், பினாங்கு ஜார்ஜ்டவுனில், மழையில் நனைந்த அஞ்சடியில் (கடைவாசல் நடைபாதையில்) வழுக்கிக் கால் மடங்கி விழுந்தேன். பக்கத்துக் கிளினிக்கில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சுளுக்கு என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாலு அடி நடக்க முடியவில்லை, வெளிக்கணுவின் பின் ஓரத்து எலும்பைத் தொட்டாலே உயிர் போகிறது என்று சொல்லியும் பயனில்லை. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்கிறது டாக்டர்கள் பரவலாகப் பின்பற்றும் ஒட்டாவா விதி. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டு வாங்கலாம்.

பெரியம்மா உருவி விடுகிறவரைக் கூப்பிடலாம் என்றார். நல்லவேளை, அண்ணன் என்னை அரசு மருத்துவமனைக்கு ஏற்றிப் போய்விட்டார். வெளிக்கணு எலும்பில் முறிவு. எலும்பு டாக்டர் அதோடு விடாமல், பாரத்தைக் காலில் ஊன்றி நிற்கச் சொல்லி இன்னொரு படம் எடுக்க வைத்தார். உள்பக்கத் தசைநார் அறுந்திருந்தால், படுத்து எடுக்கும் படத்தில் ஒழுங்காகத் தெரியும் மூட்டு, நிற்கும்போது விலகிவிடுமாம். எனக்கு விலகவில்லை. “ஸ்டேபிள்தாம்மா, ஆபரேஷன் வேண்டாம், பூட் போட்டு வலி தாங்குகிற அளவுக்கு ஊன்றி நடக்கலாம்” என்றார். நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்).

பூட் வாங்கப் போனதில்தான் அலைச்சல். சீட்டில் ‘ஆங்கிள் சப்போர்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தது. கடைக்காரர் உறை மாதிரி ஒரு எலாஸ்டிக்கைக் கொடுத்து, இதுதான் என்று அடித்துச் சொன்னார். பிசியோ தம்பி அதைப் பார்த்ததும் கழற்றச் சொல்லிவிட்டார்: அது வீக்கத்தைக் கொஞ்சம் அமுக்கும், கால் பக்கவாட்டில் மடங்குவதைத் தடுக்காது. பிரித்த பொருளைக் கடையில் திருப்பி வாங்கவில்லை. காசு போச்சு, நொண்டிக்கொண்டு போன பாடும் வீண். வாங்க வேண்டியது முழங்காலுக்குக் கீழ்வரை வரும், கெட்டியான அடிப்பாகமுள்ள வாக்கிங் பூட். சீட்டில் பூட்டின் பெயரையும் எந்தக் கால் என்பதையும் எழுதி வாங்குங்கள். உள்ளே நீளக் காலுறை போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். குதிகால் பின்னால் ஒட்டி உட்கார வேண்டும்.

பூட் போட்ட கால் உயர்ந்துவிடும். அடுத்த காலுக்குத் தடித்த அடியுள்ள சப்பாத்து போடாவிட்டால் இடுப்பு வலிக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, மிஸ்ஸிகூட (நர்ஸ்). டாக்டர் சரி என்ற பிறகு, உட்காரும்போது பூட்டைக் கழற்றிப் பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால் காத்திருக்காதீர்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே போய்விடுங்கள். வலது காலில் பூட்டோடு கார் ஓட்டவே கூடாது. எலும்பு கூடுவதற்கு ஏறக்குறைய ஆறு வாரம். அப்புறம் நாடா கட்டும் பிரேஸ். சாயங்கால வீக்கம் பல மாதம் இருக்குமாம், எனக்கு இன்னும் இருக்கிறது.

பெர்கேசோவையும் (வேலை விபத்துக்குப் பணம் தரும் மலேசியத் தொழிலாளர் காப்புறுதி) விடாதீர்கள். விழுந்தது ஆபீசுக்கு வெளியே, அதனால் கிடைக்காது என்று எங்கள் அலுவலகத்தில் கைவிரித்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியும் அதில் அடக்கம்; 48 மணி நேரத்துக்குள் முதலாளி தகவல் கொடுக்க வேண்டும். விடாமல் நின்றேன். வழியை வரைந்து கொடுத்தேன். சுளுக்கு என்று அனுப்பிய அதே கிளினிக்கின் ரசீதில் தேதியும் நேரமும் இருந்தது, அதையும் சேர்த்தேன். எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களுக்கான பணம், தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு, வந்து சேர்ந்துவிட்டது.