டோஃபுவுக்குள் உப்பு இறங்க ஏழு வாரம்

பால் ஒத்துக்கொள்ளாமல் போனதும் எங்கள் வீட்டில் முதலில் நின்றது பன்னீர்தான். எனக்கு அசைவப் பழக்கம் கிடையாது. பருப்பு, சுண்டல் தவிர புரதத்துக்கு இன்னொரு வழி வேண்டியிருந்தது. கடையில் 'சோயா பன்னீர்' என்று எழுதியிருந்த டோஃபுவை வாங்கி வந்தேன். அன்றிலிருந்து ஏழு வாரமாக, வாரம் இரண்டு தடவையாவது செய்து பார்க்கிறேன். இப்போதுதான் கை பழகியிருக்கிறது.

முதல் தடவை பன்னீருக்குச் செய்கிற மாதிரியே செய்தேன். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசறி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவைத்தேன். காலையில் தோசைக்கல்லில் போட்டதும் தண்ணீர் விட்டுக்கொண்டது. மசாலா கல்லோடு ஒட்டிக் கருகிப்போனது, துண்டுகள் வெளிறியே கிடந்தன. அம்மா ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "மேலே காரம் இருக்கு, உள்ளே ஒண்ணுமே இல்லையேடி" என்றார். இத்தனை வாரமும் அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

காரணம் யோசித்தால் எளிதுதான். டோஃபுவில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருக்கும் இடத்துக்குள் எண்ணெய் கலந்த மசாலா எப்படிப் போகும்? மேலேயே நின்றுவிடுகிறது. அந்தத் தண்ணீர் கல்லில் கசிந்துகொண்டே இருக்கும்வரை துண்டு அவியத்தான் செய்யும், சிவக்காது.

அடுத்த இரண்டு வாரம் அழுத்திப் பார்த்தேன். பழைய வேட்டித் துணியில் சுற்றி, மேலே அம்மிக்குழவியை வைத்து அரை மணி நேரம். தட்டில் அரை டம்ளர் தண்ணீர் தேங்கியது. வறுபடுவது நன்றாக மாறியது, ஆனால் உள்ளே அதே சப்பென்ற ருசி.

வழி கிடைத்தது உப்புத் தண்ணீரில். சிங்கப்பூரில் இருக்கும் அக்காதான் சொன்னாள். அங்கே கெட்டி டோஃபுவுக்கு டாவ் குவா என்று பெயர், சம்பல் என்கிற மிளகாய் விழுதில் பிரட்டுவது அவள் வீட்டில் வாடிக்கை. 200 கிராம் டோஃபுவை விரல் கனத்துக்கு நறுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் ஒன்றரை தேக்கரண்டி கல்லுப்பு போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்ததும் துண்டுகளை அதில் போட வேண்டும். பதினைந்து நிமிடம் போதும். தண்ணீரில் போட்டால் தண்ணீர் எப்படிக் குறையும் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் சூடு பட்டதும் துண்டு லேசாக இறுகி உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளுகிறது, உப்பும் உள்ளே இறங்குகிறது. எடுத்துத் துணியில் பரப்பினால் ஆவி பறந்து மேற்பரப்பு தானாக உலர்ந்துவிடும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது, அதுதான் பதம்.

அப்புறம் ஒரு கரண்டி சோள மாவு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள் தூவிக் குலுக்கி, இரும்பு வாணலியில் மிதமான தீயில் வைக்கிறேன். போட்டதும் கிளறக்கூடாது. நான்கு நிமிடம் அப்படியே விட்டால் அடி பொன்னிறமாகி, கரண்டி வைத்ததும் தானே கழன்று வரும். கழலவில்லை என்றால் இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம். நான்கு பக்கமும் முறுகிய பிறகுதான் பூண்டு, சீரகப்பொடி, கறிவேப்பிலை, இரண்டு கரண்டி புளிக்கரைசல், சிட்டிகை வெல்லம். ஒரு நிமிடத்தில் எல்லாம் பற்றிக்கொள்ளும். பூண்டும் வெல்லமும் முன்னாலேயே போனால் கருகிவிடும் என்பது முதல் வாரமே தெரிந்துபோனது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோஃபுவையே வீட்டில் செய்தேன். கால் கிலோ சோயாவை இரவு ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, பாலைக் காய்ச்சினேன். சோயாப் பால் கொதிப்பதற்கு முன்பே நுரைத்துப் பொங்கும், அதைப் பார்த்துக் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடக்கூடாது. தணித்த தீயில் இன்னும் பத்து நிமிடம் காய வேண்டும். பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, அது சூட்டில்தான் அடங்கும். இரண்டு எலுமிச்சையின் சாற்றில் பால் திரிந்தது. கிடைத்தது மிருதுவாக, லேசான புளிப்போடு இருந்தது. பால் திரிய, எலுமிச்சைக்குப் பதில் சீனாவில் ஜிப்சம் என்ற தாதுப்பொடி சேர்ப்பார்கள். ஜப்பானில் சேர்க்கும் நிகாரி, உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீர். தூத்துக்குடி உப்பளங்களிலும் உப்பு வாரியபின் அப்படி ஒரு நீர் மிஞ்சுகிறது. படித்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். பிழிந்த சக்கையை அடை மாவில் சேர்த்துவிட்டேன், அடை மொறுமொறுவென்று வந்தது.

புரதக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடை டோஃபுவில் 100 கிராமுக்கு 8 முதல் 15 கிராம் வரை இருக்கும். தண்ணீர் குறைந்த கெட்டி டோஃபுவில்தான் அதிகம், அதனால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறேன். உடம்புக்கு வெளியிலிருந்து வர வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பதும் சோயாவில் உண்டு. அவற்றில் கொஞ்சம் குறைவாக இருக்கும் மெத்தியோனினை நம் சோறே ஈடுகட்டும்.

போன வாரம் ஒரு பாக்கெட்டை ஃபிரீசரில் வைத்து எடுத்துப் பிழிந்தேன். உறையும்போது பனித்துகள்கள் துளை போட்டுவிடுவதால், பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. ஜப்பானில் கோயா மலைப் பெயரால் வழங்கும் உலர் டோஃபுவும் இப்படி உறையவைத்துக் காயவைப்பதுதான். வறுவலுக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை, நறநறவென்று இருக்கிறது. ஆனால் மிச்சமிருந்த நான்கு துண்டைப் பூண்டுக் குழம்பில் போட்டேன், குழம்பை முழுசாக உறிஞ்சிக்கொண்டது. கடித்தால் குழம்பு வழிகிறது. அம்மா இரண்டாவது துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை வத்தக்குழம்புல போடு" என்றார். இப்போது ஃபிரீசரில் இரண்டு பாக்கெட் உறைந்துகொண்டிருக்கிறது.