சுவிஸ் வீடுகளுக்கு அடியில இருக்குற அந்த ரூம்

அணுகுண்டு போர் வந்தா எல்லாரும் மொத்தமா செத்துருவோம், அப்புறம் எதுக்கு தயாரிப்புன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு கோவம் வருது. குண்டு விழுற எடத்துலயே இருக்கறவங்கள காப்பாத்த வழி கிடையாது, அது உண்மைதான், ஆனா பல கிலோமீட்டர் தள்ளி இருக்கறவங்கள கொல்றது காத்துல வந்து இறங்குற கதிரியக்கத் தூசி, அதுகிட்டேருந்து தப்பிக்கலாம், ஏன்னா அதோட வீரியம் ரொம்ப வேகமா கொறையும். வெடிச்சு 1 மணி நேரத்துல இருக்குற அளவு 7 மணி நேரத்துல பத்துல ஒண்ணு ஆயிரும், 2 நாள்ல நூத்துல ஒண்ணு, 2 வாரத்துல ஆயிரத்துல ஒண்ணு. மொத ரெண்டு நாள் தடியான கான்கிரீட்டுக்கோ மண்ணுக்கோ உள்ள இருந்துட்டாலே பாதி கண்டம் தாண்டின மாதிரி.

இந்தக் கணக்க சீரியஸா எடுத்துக்கிட்ட நாடு சுவிட்சர்லாந்து. வீடு கட்டுனா அடியில ஷெல்டரும், அதாவது பதுங்குற ரூமும், கட்டணும்னு 1963லயே சட்டம் போட்டாங்க. இன்னிக்கு சுமார் 3,70,000 ஷெல்டர், ஏறக்குறைய 90 லட்சம் பேருக்கு எடம், அதாவது கிட்டத்தட்ட நாட்டுல இருக்குற அத்தனை பேருக்கும். கனமான கான்கிரீட் கதவு, காத்த வடிகட்டுற ஃபில்டர், கரண்ட் போனா கையால சுத்துறதுக்கு ஒரு கைப்பிடி. சாதாரண நாள்ல வைன் பாட்டிலும் பனிச்சறுக்குக் கட்டையும் அடுக்கி வச்சிருப்பாங்க, உத்தரவு வந்தா 5 நாள்ல காலி பண்ணி தயார் பண்ணணும். இலங்கைப் போர் நேரத்துல வன்னியில வீட்டுக்குப் பின்னால பங்கர் வெட்டி ஷெல்லடிக்கு பிள்ளைங்கள தூக்கிட்டு ஓடுன நம்ம சனம் எத்தனையோ பேர் இப்போ அந்த மாதிரி வீடுகள்லதான் குடியிருக்காங்க, அத நெனச்சா எனக்கு மனசு என்னமோ பண்ணுது.

சுவிஸ்காரங்க பண்ணதுல பெருசா சறுக்கினது லூசேர்ன் நகரத்துல இருக்குற சோனன்பெர்க் சுரங்கப்பாதை. 1976ல தொறந்த நெடுஞ்சாலை டன்னல், போர் வந்தா அதுக்குள்ள 20,000 பேர்னு திட்டம், ஆஸ்பத்திரி எல்லாம் உள்ளயே. 1987ல ஒத்திகை பாத்தப்போ ஒன்றரை மீட்டர் தடி கதவுல ஒண்ணு சரியா மூடவே இல்ல! அப்படியே மூடியிருந்தாலும் முன்ன பின்ன தெரியாத 20,000 பேர் ஒரே குழாய்க்குள்ள தூங்கி, கக்கூஸ் வரிசையில நின்னு ரெண்டு வாரம் ஓட்டுறது நடக்குற காரியமா சொல்லுங்க. 2006ல அத 2,000 பேருக்குன்னு கொறச்சுட்டாங்க. அதனாலதான் எனக்கு அந்த வீட்டு ரூம்கள் மேல மதிப்பு ஜாஸ்தி, இருபது முப்பது பேரு, எல்லாரும் மாடிப்படியில தெனம் பாக்குற மூஞ்சிங்க, ஓடிப்போய் சேர ரெண்டு நிமிஷம் போதும்.

ஷெல்டர் இல்லாதவங்க கட்டடத்துக்கு நடுவுல, ஜன்னல் இல்லாத ரூமுக்கு போங்க, பேஸ்மென்ட் இருந்தா இன்னும் நல்லது. வெளிய இருந்து வந்தா மேல்துணிய வாசல்லயே கழட்டிப் போடுங்க, ஒட்டியிருக்குற தூசியில பெரும்பங்கு அதோடயே போயிரும். அயோடின் மாத்திரை தைராய்டை மட்டும்தான் காப்பாத்தும், உடம்பு முழுக்க இல்ல. தண்ணி ஆளுக்கு 9 லிட்டர்னு சுவிஸ் அரசாங்கம் சொல்லுது, அது 3 நாளைக்குத்தான், முடிஞ்சா அதுக்கு மேலயே புடிச்சு வைங்க.